புதுக்கோட்டை ரோட்டில் ஒரு நிறுத்தம்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு வரும் பஸ்ஸில் முன்சீட்டுக்குப் பக்கத்தில் எப்படியும் ஒரு பூக்கூடை இருக்கும். நடுவில் கம்பியைப் பிடித்தபடி கல்லூரிப் பிள்ளைகள். பின்சீட்டில் கீரனூரில் ஏறிய பெரியவர் ஒருவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருவார். மாத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் கண்டக்டர் "ஏர்போர்ட், ஏர்போர்ட்" என்று குரல் கொடுப்பார். வண்டி நிற்கும். நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியைத் தோளில் தாங்கியபடி ஒருவர் ஏறுவார். அன்று காலைச் சாப்பாட்டை அவர் சிங்கப்பூரில் சாப்பிட்டிருப்பார்.

திருச்சி விமான நிலையம் ஊருக்கு வெளியே எங்கோ ஒதுங்கி இருப்பதல்ல. சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான் இருக்கும். ஜனங்கள் தினம் போய்வரும் நெடுஞ்சாலை அதன் பக்கமாகவே போகிறது. அதனால்தான் விமானத்தில் வந்தவரும் பூ விற்க வந்தவரும் ஒரே வண்டியில், ஒரே கண்டக்டரிடம் டிக்கெட் வாங்க முடிகிறது. உலகத்தின் பெரிய விமான நிலையங்களில் பயணிகளை ஊருக்குள் கொண்டுவரவென்று தனி ரயிலும் தனி பஸ்ஸும் விடுகிறார்கள். எங்கள் ஊரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பஸ் அந்த வேலையைச் செய்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஆனாலும் இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் எங்கும் பார்த்ததில்லை.

நாங்கள் துறையூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் தாண்டிப் போயிருக்கிறார்கள். தாத்தா போனது ரஜூலா கப்பலில். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தள்ளி நிற்கும். படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள் என்று சொல்வார். அவர் திரும்பி வந்ததும் நாகப்பட்டினத்துக்குத்தான். அங்கிருந்து ரயிலில் திருச்சி, பிறகு மாட்டுவண்டியோ பஸ்ஸோ கிடைத்ததில் ஊர். ரஜூலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1980களில் அதுவும் நின்றுபோனது. அதற்கப்புறம் எங்கள் ஜில்லாக்காரர்களுக்கு வெளிநாடு என்றால் வாசல் திருச்சி ஏர்போர்ட்தான்.

அப்பா சிங்கப்பூர் போன காலத்தில் கொழும்பில் விமானம் மாறி வருவார்கள். வேலை கப்பல் பட்டறையில், வெல்டிங். ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணத்துக்கு அம்மாவின் நகையும் மேட்டுக்காட்டின் ஒரு பகுதியும் போயிருந்தன. இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்து முதல் முறை அவர் திரும்பியபோது சொந்தக்காரர்கள் எல்லாருமாகச் சேர்ந்து வேன் பிடித்தோம். பெரியப்பா, சித்தப்பா, மாமன்கள், அத்தைகள், யாரோ ஒரு அத்தையின் கைக்குழந்தை. வேனில் பாட்டுப் போட்டார்கள். ஏர்போர்ட்டுக்குப் போகும்போது எல்லாருக்கும் இடமிருந்தது. திரும்பும்போது அப்பாவும் பெட்டிகளும் சேர்ந்துகொள்ள, நாங்கள் சின்னப் பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து வந்தோம். நடுவில் நிறுத்தி எல்லாருக்கும் டிபன். அப்பா எதுவும் பேசவில்லை. வீடு வந்ததும் வேன் வாடகை, டிபன் செலவு எல்லாம் அவர் சட்டைப்பையிலிருந்துதான் போனது. பெட்டியைப் பிரித்ததும் யாருக்குக் கோடாலித் தைலம், யாருக்குப் போர்வை, யாருக்குச் சென்ட் பாட்டில் என்று அம்மா ஒரு மூலையில் நின்று கணக்குப் பார்த்தாள். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்பும் இருந்தது, எதிர்பார்ப்பும் இருந்தது. இரண்டையும் ஏற்றிக்கொண்டுதான் அந்த வேன் வந்தது.

அடுத்த முறை வரும்போது அப்பா முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டார்: "வேனெல்லாம் வேண்டாம். நீயும் பயலும் மட்டும் வாங்க. பஸ்ல வந்துருவோம்."

அம்மாவுக்கு அது கொஞ்சம் வருத்தம். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர் பஸ்ஸில் வந்து இறங்கினால் ஊர் என்ன பேசும் என்ற கவலை. எனக்கோ சந்தோஷம். துறையூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து 1-ம் நம்பர் பஸ்ஸில் சென்ட்ரல், சென்ட்ரலிலிருந்து ஏர்போர்ட் என்று மூன்று பஸ் மாறிப் போனோம். அந்தக் கடைசிப் பஸ் புறப்பட்டு டிவிஎஸ் டோல்கேட் திரும்பி, சுப்பிரமணியபுரம் தாண்டியதும் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையில் பூவைச் சரிசெய்துகொண்டாள். அவள் அப்படிச் செய்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வேனில் வந்தபோது அதற்கு இடமும் இல்லை, தனிமையும் இல்லை.

வாசலில் தடுப்புக் கம்பிக்கு இந்தப்புறம் நின்றோம். அந்தப்புறம் கண்ணாடிக் கதவு. உள்ளே சுங்கச் சோதனை முடிந்து ஒவ்வொருவராக வருவார்கள். கம்பிக்கு இந்தப்புறம் நிற்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் மட்டும் திடீரென்று மாறிப்போவார். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அப்போதே தெரிந்துவிடும், இவருடைய ஆள் வந்துவிட்டார் என்று. அப்பா வந்தார். மெலிந்திருந்தார். வெல்டிங் பொறி பட்ட தழும்புகள் முழங்கைவரை இருந்தன. பெட்டியில் அவர் பெயரும் ஊரும் கறுப்பு மார்க்கரில், அவருடைய சாய்ந்த எழுத்திலேயே பெரிதாக எழுதியிருந்தன. ட்ராலியை வாசலோடு விட்டுவிட்டு, பெரிய பெட்டியை அவர் தோளிலும் சின்னதை நான் தலையிலும் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தோம். ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டார்கள். அப்பா கையை ஆட்டி வேண்டாமென்றார்.

பஸ் வந்தது. தனியார் வண்டி. கண்டக்டர் கீழே இறங்கி ஒரு கை கொடுத்துப் பெட்டியை ஏற்றினார்.

"சிங்கப்பூராண்ணே?"

"ஆமாப்பா."

"எத்தன வருசமாச்சு?"

"ரெண்டு."

"பெட்டிய டிரைவர் பக்கத்துல தள்ளிருங்க. இல்லாட்டி டோல்கேட்டுல ஏறுறவங்க மேல இடிக்கும். அதுக்கு லக்கேஜ் போடணும்ணே, கோவிச்சுக்காதீங்க."

அப்பா பணம் எடுக்கப் பையில் கைவிட்டார். வந்தது சிங்கப்பூர் இரண்டு டாலர் நோட்டு. கண்டக்டர் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டினார், அவரும் பார்த்தார், அதற்குப் பின் சீட்டிலிருந்த அம்மாளும் வாங்கிப் பார்த்தார். நோட்டு ஒரு சுற்று சுற்றி அப்பாவிடமே வந்துசேர்ந்தது. அம்மா முந்தானையில் முடிந்திருந்த சில்லறையை எடுத்து மூன்று டிக்கெட்டும் ஒரு லக்கேஜும் வாங்கினாள். அப்பா சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். இரண்டு வருஷம் கழித்து வந்த மனிதருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கிற சந்தோஷம் அம்மாவுக்கு. வேனில் வந்திருந்தால் அது அவளுக்குக் கிடைத்திருக்காது.

ஜன்னலோர சீட்டில் அப்பா உட்கார்ந்தார். கையை வெளியே நீட்டாமல், முழங்கையைக் கம்பியில் ஊன்றிக்கொண்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பெட்டிக்கடைகளையும் சுவர் விளம்பரங்களையும் காஜாநகர்ப் பக்கம் தொப்பி போட்ட பிள்ளைகள் சைக்கிளில் போவதையும் அப்படிப் பார்த்தார். எனக்கு அன்று காரணம் விளங்கவில்லை. வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். சிங்கப்பூரில் வாரத்தில் ஆறு நாளும் தங்குமிடத்திலிருந்து பட்டறைக்கு லாரியின் பின்னால் உட்கார்த்திக் கூட்டிப்போவார்கள். முகம் பின்பக்கம் பார்த்திருக்கும். மழை வந்தால் தார்ப்பாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லிட்டில் இந்தியாவிலிருக்கும் தேக்காவுக்கு பஸ்ஸில் போவார்களாம். "பஸ்ல ஜன்னலோரம் ஒக்காந்தாத்தான் நானும் காசு குடுத்து வந்த மனுசன்னு தோணும்" என்றார். வேன் வேண்டாம் என்று அவர் சொன்னதற்குச் செலவு மட்டுமே காரணம் என்று நானும் அம்மாவும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு அவர் வந்துபோன ஒவ்வொரு தடவையும் பஸ்தான். ஒருமுறை சென்ட்ரலில் இறங்கும்போது படிக்கட்டுப் பக்கம் நின்று, சட்டைப்பையிலிருந்து ஏதோ ஒரு அட்டையை எடுத்து, கதவோரக் கம்பியில் வைக்கப் போனார். பிறகு கையை இழுத்துக்கொண்டார். சிங்கப்பூர் பஸ்களில் 2002-ல் ஈஸிலிங்க் அட்டை வந்துவிட்டது. ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை தொட வேண்டும். பழகிய கை. பின்னால் நின்ற ஒரு பையன் அதைக் கவனித்துவிட்டு, "நானும் அப்படித்தாண்ணே, போன வாரம் வந்தேன்" என்றான். இருவரும் அங்கேயே நின்று கம்பெனி பெயர், தங்குமிடம், சம்பளப் பாக்கி என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். சத்திரத்துக்குப் போகும் இரண்டு வண்டிகள் அதற்குள் போய்விட்டன.

2005க்கு மேல் எல்லாம் மாறியது. நேரடி விமானங்கள் வந்தன. மலேசியாவின் ஏர் ஏசியா இந்தியாவில் முதன்முதலாக வந்திறங்கிய ஊர் டெல்லியோ மும்பையோ சென்னையோ அல்ல. 2008 டிசம்பரில் அது திருச்சிக்குத்தான் வந்தது. புள்ளிவிவரம் பார்க்கிற வியாபாரிகளுக்குத் தெரிந்திருந்தது, காவிரிக்கரை ஜில்லாக்களிலிருந்தும் புதுக்கோட்டை, சிவகங்கையிலிருந்தும் எத்தனை பேர் கிழக்கே போய்வருகிறார்கள் என்று. 2012 அக்டோபரில்தான் மத்திய அரசு இதைச் சர்வதேச விமான நிலையம் என்று அறிவித்தது. பல வருஷமாகக் கொழும்பும் சிங்கப்பூரும் போய்வந்துகொண்டிருந்த எங்களுக்கு அந்தச் செய்தி வேடிக்கையாகத்தான் இருந்தது.

டிக்கெட் விலை குறைந்ததும் ஆட்கள் அடிக்கடி வர ஆரம்பித்தார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டு வருவார்கள், தகப்பன் செத்ததற்கு மூன்று நாளில் வந்து திரும்புவார்கள். இவர்களுக்கு வேன் பிடிக்க ஆளுமில்லை, நேரமுமில்லை. அந்த வருஷங்களில் புதுக்கோட்டை ரோட்டு பஸ்களில் அட்டைப்பெட்டி ஏறாத நாளே இல்லை. அந்தத் தடத்துக் கண்டக்டர்கள் சாமர்த்தியசாலிகள். பெட்டியின் எடையைப் பார்த்தே எந்த ஊர் விமானம் என்று சொல்லிவிடுவார்கள். வளைகுடாப் பெட்டி பெரிது, போர்வை அடைத்தது. மலேசியாப் பெட்டி சின்னது, கயிறு அதிகம். துக்கத்துக்கு வருகிறவர்களிடம் பெட்டியே இருக்காது. அப்படிப்பட்டவர்களிடம் எந்தக் கண்டக்டரும் "எத்தன வருசமாச்சு" என்று கேட்டு நான் கேட்டதில்லை. டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "துறையூருக்குன்னா சத்திரம் போயிருங்கண்ணே, கடைசி வண்டி இருக்கு" என்று மட்டும் சொல்வார்கள்.

நானும் போனேன். டிப்ளமோ முடித்துவிட்டு எலக்ட்ரீஷியனாக. போகிற அன்று அப்பாதான் கூட வந்தார். போகும் திசையில் அந்தப் பஸ் வேறு வண்டியாகிவிடும். நெற்றியில் சமயபுரத்துக் குங்குமம், கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பாஸ்போர்ட், வேலை அனுமதிக் கடிதத்தின் நகல். எதிர்சீட்டில் இன்னொரு பையன், அவனுக்கும் அதே உறை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், பேசவில்லை. சென்ட்ரலிலிருந்து ஏர்போர்ட்டுக்கு இருபது நிமிஷம்கூட ஆகாது. அந்த நேரத்துக்குள் அப்பா எனக்குச் சொன்னதெல்லாம் வேலை சம்பந்தமானவை: சேஃப்டி ஷூவை ஈரத்தோடு போடாதே, ஓவர்டைம் கணக்கை உன் நோட்டில் தனியாக எழுதி வை, பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதே. கண்டக்டர் "ஏர்போர்ட்" என்றதும் பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு எழுந்துகொண்டார். அவர் விட்ட வாக்கியம் என்னவென்று நான் பிறகு கேட்கவேயில்லை.

நான் திரும்பி வந்து உள்ளூரிலேயே வேலை தேடிக்கொண்டேன். இப்போதும் யாரையாவது அழைத்துவர, யாரையாவது அனுப்பிவைக்க அந்தத் தடத்தில் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனால் ஏர்போர்ட் நிறுத்தத்தில் காலை நேரத்தில் ஒரு புதுக்கூட்டம் சேர்ந்திருக்கிறது. உள்ளே துப்புரவு வேலைக்கும், கேன்டீன் வேலைக்கும், ட்ராலி தள்ளவும் போகிற பெண்கள். ஷிப்ட் முடிந்து, கழுத்துப்பட்டையும் அடையாள அட்டையுமாக அவர்கள் நிற்கும்போது பக்கத்தில் மலேசியா விமானத்தில் வந்தவர்கள் நிற்பார்கள். விமான நிலையம் என்றால் பறக்கிறவர்களின் இடம் என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். அங்கே தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர்களில் பாதிப்பேர் விமானத்தில் ஏறியதேயில்லை.

புதிய முனையம் அழகாக இருக்கிறது. 2024 ஜனவரியில் பிரதமர் திறந்துவைத்தார், ஜூன் 11 முதல் விமானங்கள் அங்கே வருகின்றன. முகப்பில் கோயில் கோபுர வண்ணங்கள், உள்ளே சுவர் நிறைய ஓவியங்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் பழைய முனையத்திலிருந்து ரோட்டுக்கு நடந்ததைவிட இங்கிருந்து நடை நீளம். ட்ராலியை வாசலில் விட்டுவிட்டு, தோளில் பெட்டியோடு அந்த வெயிலில் நடக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். கார் நிறுத்த அவ்வளவு பெரிய இடம் விட்டவர்கள் கட்டடத்தின் வாசலோரமே பஸ்ஸுக்கும் ஒரு நிழற்குடை போட்டு, தடத்து வண்டிகளை எல்லாம் உள்ளே வந்து திரும்பச் செய்யலாம். 2025 ஜூலையில் வெளியூர்ப் பஸ்கள் பஞ்சப்பூர் முனையத்துக்குப் போனபிறகு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. முன்பு சென்ட்ரலுக்கு ஒரு டிக்கெட் எடுத்தால் போதும், மதுரையோ சேலமோ தஞ்சாவூரோ எல்லாம் அங்கிருந்தே கிடைக்கும். இப்போது எந்த ஊருக்கு எங்கே மாறுவது என்று இரண்டு வருஷம் ஊரில் இல்லாதவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு போர்டு போதும். வருகை வாசலில், கண்ணில் படும் இடத்தில், தமிழில்: எந்த ஊர், எந்த முனையம், எந்த வண்டி.

எல்லாவற்றையும்விட இரவுதான் என் மனதை அரிக்கிறது. கிழக்கிலிருந்து வரும் விமானங்களில் பல ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் இறங்குகின்றன. குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து வெளியே வருவதற்குள் டவுன் பஸ்கள் அடங்கிவிடும். கார் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்கள் ஆட்டோவுக்கு டாலரை மாற்றுகிறார்கள், அல்லது வருகைக்கூடத்து நாற்காலிகளில் பெட்டியை அணைத்தபடி விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். சமீபத்தில் என் மைத்துனனை அழைத்துவரப் போன இரவு, அறந்தாங்கிக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, "தம்பி, புதுக்கோட்டைக்கு மொத வண்டி எத்தன மணிக்கு?" என்று கேட்டார். நேரம் அப்போது பன்னிரண்டு இருக்கும். மகனுக்குக் காது குத்தாம், மறுநாள் காலை ஆறரைக்கு. நாங்கள் பிடித்து வைத்திருந்த காரில் அவரைப் புதுக்கோட்டை வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினோம். எல்லா ராத்திரியும் யாராவது ஒருவர் காரோடு வந்து நிற்கமாட்டார்.

போக்குவரத்துக் கழகத்துக்கு இது பெரிய காரியமில்லை. கடைசி விமானம் எப்போது இறங்கும் என்பது அட்டவணையில் இருக்கிறது, தாமதமானால் அதுவும் முன்கூட்டியே தெரிகிறது. அந்த நேரத்துக்கு ஒரு வண்டி முனையத்தின் வாசலில் நிற்கட்டும், ஆட்கள் வெளியே வரும்வரை காத்திருக்கட்டும். பெட்டி வைக்க முன்பக்கம் இரண்டு சீட்டை எடுத்துவிட்டு இடம் விடட்டும். லக்கேஜ் கட்டணமும் வாங்கிக்கொள்ளட்டும், யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அந்த வண்டி சென்ட்ரலோடு திரும்பிவிடக் கூடாது, சத்திரம் வரை போக வேண்டும். துறையூர், முசிறி, லால்குடி ஆட்களெல்லாம் அங்கேதான் வண்டி மாறுகிறார்கள்.